28 நாள் மாசமும் அம்மாவோட பட்டன் போனும்

ரொம்ப நாளா மனசுக்குள்ள கெடந்து எரிஞ்சுகிட்டு இருந்த விஷயம். இன்னைக்கு கொட்டிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

மொதல்ல ஒரு சின்ன கேள்வி. மாசத்துக்கு எத்தனை நாள்? சின்னப் புள்ளைங்க கூட விரல் முட்டியை எண்ணி 30, 31-னு சொல்லிடும். பால்காரர் கணக்கு பாக்கறது அந்த மாசத்துக்கு. வீட்டு ஓனர் வாடகை வாங்கறதும் அதுக்குத்தான். ஆபீஸ்ல சம்பளம் போடறதும் அதுக்குத்தான். நாளைக்கே உங்க வீட்டு ஓனர் வந்து, "தம்பி, இனிமே 28 நாளைக்கு ஒருக்கா வாடகை குடுத்துடுங்க"ன்னு சொன்னா சும்மா விடுவோமா? தெருவே கூடிடும்.

மொபைல் கம்பெனிக்கு மட்டும் வருஷம் பூரா பிப்ரவரிதான். 28-ஐ 13-ஆல பெருக்கிப் பாருங்க, 364 வரும். அதாவது நமக்கு வருஷத்துக்கு 12 சம்பளம், அவங்களுக்கு 13 வாடகை. என்னா மூளை!

இதெல்லாம் எனக்கு ரொம்ப வருஷமா டீக்கடையில நின்னு கிண்டல் பண்ற சமாச்சாரமாத்தான் இருந்துச்சு. 2024 ஆகஸ்ட் வரைக்கும்.

அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா ஊர்ல தனியாத்தான் இருக்காங்க. தென்காசி பக்கம் ஒரு கிராமம். சென்னைக்கு வந்துடும்மான்னு கூப்பிட்டா, "அங்க வந்து நாலு செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு நான் இங்கனயே கெடந்துக்கிடுதேன்"னு ஒரே பதில். வயசு எழுபத்தொண்ணு. கையில ஒரு பட்டன் போன். 2-ஐ அமுக்கிப் பிடிச்சா எனக்கு கால் வரும், 3-ஐ பிடிச்சா தங்கச்சிக்கு. இது ரெண்டும்தான் அவங்களுக்கு போன். இன்டர்நெட் கிடையாது, வாட்ஸப் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரீசார்ஜ் பண்றது நான், இங்கேருந்து என் போன்லயே.

அதுவரைக்கும் அம்மா நம்பருக்கு 84 நாள் பேக்தான் போட்டுகிட்டு இருந்தேன். 2024 ஜூலை மொத வாரம் மூணு தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்து விலையை ஏத்தினாங்க, ஞாபகம் இருக்கும். வீட்ல எனக்கு, தங்கமணிக்கு, பையனுக்கு, அம்மாவுக்குன்னு நாலு நம்பர். கூட்டிப் பாத்தா தலை சுத்துச்சு. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி அம்மாவோட பேக் முடிஞ்சுது. சரி, இந்த மாசம் சின்னதா ஒண்ணு போட்டு ஓட்டுவோம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு ரெண்டாந்தேதி 28 நாள் பேக் போட்டேன். மனசுல என்ன பதிஞ்சுது? "அடுத்தது செப்டம்பர் ரெண்டு." எல்லா மனுஷனும் அப்படித்தானே நெனைப்பான்?

ஆகஸ்ட் 29 ராத்திரியோட அது முடிஞ்சு போச்சு.

முடியப் போகுதுன்னு மெசேஜ் வந்திருக்கு. யாருக்கு? அம்மாவுக்கு. எதுல? இங்கிலீஷ்ல. அம்மா தினத்தந்தியை எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. இங்கிலீஷ்ல அவங்களுக்குத் தெரிஞ்சது பஸ் நம்பர் மட்டும்தான்.

30-ஆம் தேதி ராத்திரி கொல்லைப்பக்கம் போனவங்க வழுக்கி விழுந்துட்டாங்க. வலது கை மணிக்கட்டு. பக்கத்து வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. இடது கையால 2-ஐ அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. ரிங் போகல. ஒரு பொம்பளைக் குரல் பேசியிருக்கு. 3-ஐ பிடிச்சிருக்காங்க. அதே குரல். மறுபடி 2. மறுபடி அதே குரல். கை வீங்கிகிட்டே இருக்கு. விடியற வரைக்கும் அப்படியே திண்ணையில உக்காந்திருக்காங்க. காலையில பால் ஊத்த வந்த பையன் பாத்து, அவன் போன்லேருந்துதான் எனக்கு கூப்பிட்டான். எலும்புல விரிசல். மாவுக்கட்டு. ஆறு வாரம்.

கெட்ட நேரத்துலயும் பெருசா ஒண்ணும் ஆகல, சாமி காப்பாத்துச்சு. ஆனா எனக்கு வயித்தைப் பிசையற விஷயம் ரெண்டு.

ஒண்ணு, அன்னைக்கு ராத்திரி அம்மா போனுக்கு இன்கமிங் வேலை செஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. பேக் முடிஞ்ச பிறகும் சில நாள் அதை விட்டு வெப்பாங்க. அதாவது நான் ஒரு தடவை கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பாங்க. நான் கூப்பிடல. "அம்மா கூப்பிடலியே, நல்லா இருக்காங்க போல"ன்னு நெனச்சுகிட்டு டிவி பாத்துகிட்டு இருந்தேன். இந்த இடத்துல கம்பெனிய மட்டும் திட்டிட்டு நான் தப்பிக்க முடியாது. அதையும் சொல்லிடறேன்.

ரெண்டாவது, ஊருக்குப் போய் அம்மா பக்கத்துல உக்காந்தப்போ அவங்க சொன்னது. "எய்யா, ஒரு பொம்பள ஏதோ பேசுனா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. அதுக்கு முன்னாடியே கோயமுத்தூருக்குப் போட்டுப் பாத்தேன், போகல. ஒனக்குக் கையில துட்டு முடையோ என்னமோ, அதான் போனுக்குப் போடலியோன்னு நெனச்சேன். கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

அவ்ளோதான். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல.

சென்னை திரும்பினதும் கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். தமிழுக்கு ஒண்ணை அழுத்தி, அப்புறம் ரெண்டை அழுத்தி, அப்புறம் ஒன்பதை அழுத்தி, பாட்டு கேட்டு, ஒரு வழியா ஒரு பையன் கிடைச்சான். நல்ல பையன்தான், அவனைச் சொல்லிக் குத்தமில்ல.

"தம்பி, எங்கம்மாவுக்கு இன்டர்நெட் வேண்டாம். பேசினா போதும். பேச்சுக்கு மட்டும் பிளான் இருக்கா?"

"சார், நம்ம கிட்ட எல்லா பிளான்லயும் டேட்டா ஃப்ரீயா வருது சார்."

"ஃப்ரீ வேண்டாம் தம்பி. அதைக் கழிச்சுட்டு விலையைக் கொறைங்க."

"அப்படி ஆப்ஷன் இல்லைங்க சார். ஆப் டவுன்லோட் பண்ணி மத்த பிளான்லாம் பாருங்க சார்."

பட்டன் போன்ல ஆப்! :-)

ரேஷன் கடையில முன்னாடி ஒரு வழக்கம் உண்டு. சக்கரை வேணும்னா இந்த டீத்தூள் பாக்கெட்டையும் வாங்கிக்கோன்னு தலையில கட்டுவாங்க. அதைக் கேட்டா சண்டை போடற நாம, கம்பெனிக்காரன் எழுபது வயசு கிழவி தலையில ரெண்டு ஜிபி டேட்டாவைக் கட்டறப்போ அதுக்கு பேரு 'ஆஃபர்'னு நம்பறோம். எங்கம்மாவோட ரெண்டு ஜிபி எந்தக் கடல்ல போய்ச் சேருதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

சரி, இது ஏன் இப்படி ஆச்சுன்னு கொஞ்சம் உக்காந்து யோசிச்சேன். அதுக்கு ஒரு சின்ன கொசுவர்த்தி சுத்தணும்.

இந்தியாவுல மொபைல் வந்தது 1995-ல. ஜூலை 31 அன்னைக்கு கல்கத்தாவுலேருந்து ஜோதிபாசு டெல்லியில இருந்த மந்திரி சுக்ராமுக்குப் பேசினார். அந்தக் காலத்துல நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் போகும். அதுவும் கூப்பிட்டவனுக்கு மட்டும் இல்ல, எடுத்தவனுக்கும் காசு. செல்போன் வெச்சிருந்தவங்க யார் கூப்பிடறாங்கன்னு பாத்துட்டு, கட் பண்ணிட்டு, எஸ்டிடி பூத்துக்கு ஓடினதெல்லாம் நாம பாத்ததுதானே.

2003 மே மாசத்துலேருந்து இன்கமிங் இலவசம் ஆச்சு. அங்கதான் கதையே மாறுது. கூப்பிடறவன்தான் காசு குடுக்கணும்னு ஆச்சு. இலவசம்னா கம்பெனிக்கு நஷ்டம்னு நெனைக்காதீங்க. நான் ஒரு கம்பெனி நம்பர்லேருந்து அம்மாவோட கம்பெனி நம்பருக்கு கூப்பிட்டா, என் கம்பெனி அம்மாவோட கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இத்தனை பைசான்னு கட்டணும். ஐயூசின்னு பேரு. அதாவது அம்மா சும்மா போனை எடுத்துப் பேசினாலே அவங்க கம்பெனிக்கு வருமானம். ரீசார்ஜே பண்ணாத கஸ்டமர் கூட அவங்களுக்கு லாபம்தான்.

அதனாலதான் அப்போ கொஞ்சினாங்க. 2005 கடைசியில 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' கார்டு. ஒரு தடவை கட்டிட்டா ஆயுசுக்கும் இன்கமிங். எங்க தெருவுல பாதிப்பேர் வாங்கினாங்க. 'ஆயுசு'ன்னா நம்ம ஆயுசு இல்ல, கம்பெனியோட லைசென்ஸ் ஆயுசுன்னு அப்புறம்தான் வெளங்குச்சு. 2009-ல டாடா டோகோமோ செகண்டுக்கு ஒரு பைசான்னு வந்து எல்லாரையும் அந்த வழிக்கு இழுத்துச்சு. பெட்டிக்கடையில 10 ரூபாய் டாப்-அப். கார்டைச் சுரண்டி நம்பர் அடிப்போம். காசு இல்லேன்னா மிஸ்டு கால். "வீட்டுக்கு வந்துட்டேன்"னா ஒரு மிஸ்டு கால், "பஸ் ஸ்டாண்டுக்கு வா"ன்னா ரெண்டு மிஸ்டு கால். காசே செலவில்லாம குடும்பம் நடத்தினோம்யா!

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. பேச்சு இலவசம், டேட்டாவுக்குத்தான் காசு. நாமளும் ஆஹான்னு வாயைப் பொளந்தோம். நானும்தான். இன்னொரு பக்கம் அந்த ஐயூசி குறைஞ்சுகிட்டே வந்துச்சு. 2015-ல 14 பைசா. 2017 அக்டோபர்ல 6 பைசா. 2021 ஜனவரி ஒண்ணுலேருந்து பூஜ்யம். விலைப் போட்டியில பல கம்பெனி காணாமப் போச்சு. நம்ம தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஏர்செல் 2018 பிப்ரவரியில திவால் மனு போட்டுச்சு. அப்போ திடீர்னு சிக்னல் போய், கடைகள் முன்னாடி ஜனங்க கூட்டமா நின்னதை மறந்திருக்க மாட்டீங்க. அன்னைக்குத்தான் பல பேருக்கு ஒரு நம்பர் போனா என்னென்ன போகும்னு தெரிஞ்சுது.

கடைசியில மிச்சம் இருந்தது மூணு தனியார், ஒரு அரசாங்க கம்பெனி.

இப்போ கணக்கைப் பாருங்க. அம்மா மாதிரி, வர்ற காலை மட்டும் எடுக்கற ஆளால கம்பெனிக்கு முன்னாடி வந்த வருமானம் படிப்படியாக் கொறைஞ்சு சுத்தமா நின்னு போச்சு. இது நடந்துகிட்டிருக்கும்போதுதான், 2018 கடைசியில, 'குறைந்தபட்ச ரீசார்ஜ்'னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. 28 நாளைக்கு 35 ரூபாய் போடலேன்னா அவுட்கோயிங் கட், அப்புறம் இன்கமிங்கும் கட். அக்கவுண்ட்ல பேலன்ஸ் இருக்கறவங்களுக்குக் கூட கட் பண்ணப் போறாங்கன்னு புகார் போய், டிராய் தலையிட வேண்டி வந்துச்சு.

அந்த 35 ரூபாய் என்ன ஆச்சு? ஏர்டெல்லையே எடுத்துக்குவோம், எல்லாம் பேப்பர்ல வந்த கணக்குதான். 2021 ஜூலையில 49 ரூபாய் பிளானை எடுத்துட்டு 79. அதே வருஷம் நவம்பர்ல 99. 2022 கடைசியில ஹரியானா, ஒடிசாவுல ஆரம்பிச்சு 2023-ல மத்த மாநிலங்களுக்கும் 155, அதுவும் 28 நாள் கூட இல்ல, 24 நாள்! 2024 ஜூலையில 28 நாள் பிளான் 179-லேருந்து 199. ஆறு வருஷத்துல 35-லேருந்து 199.

நியாயமாப் பேசணும். 35 ரூபாய்க்கும் 199 ரூபாய்க்கும் கிடைக்கறது ஒண்ணு இல்ல. 35-க்கு கொஞ்சமாத்தான் பேசலாம். 199-க்கு எவ்ளோ வேணா பேசலாம், டேட்டா இருக்கு, எஸ்எம்எஸ் இருக்கு. ஒத்துக்கறேன். டவர் போட காசு, அலைக்கற்றை ஏலத்துக்கு காசு, 2019 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி, எல்லாம் இருக்கு. உலகத்துல மலிவா டேட்டா கிடைக்கற நாடுகள்ல நாமளும் ஒண்ணு, அதுவும் உண்மை. தினம் மூணு மணி நேரம் வீடியோ பாக்கற என்னை மாதிரி ஆளுக்கு இது கொள்ளை மலிவு. நான் புகார் சொன்னா அது நன்றி கெட்டதனம்.

ஆனா அம்மா வீடியோ பாக்கல. என் மலிவுக்கான காசை அவங்க கட்டறாங்க. இதுதான் என் கட்சி. டேட்டா மலிவு ஆச்சுன்னு நாம கொண்டாடறோம். போன் எடுத்து "நல்லா இருக்கேன்"னு சொல்றதோட விலை ஏறிப்போச்சு, அதை யாரும் பேசறதில்ல. ஏன்னா அந்த விலையைக் கட்டறவங்க யாரும் சத்தம் போடற ஆளுங்க இல்ல.

"அப்போ வேற கம்பெனிக்கு மாறிக்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. நம்பர் மாறாம கம்பெனி மாறற வசதி 2011 ஜனவரியிலயே நாடு முழுக்க வந்தாச்சு. ஆனா கிராமத்துல சிக்னல் எதுக்கு இருக்கோ அதுதான் நம்ம கம்பெனி. இன்னொரு வேடிக்கை. மாறணும்னா 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பணும். குறைஞ்ச விலை பிளான் சிலதுல எஸ்எம்எஸ்ஸே கிடையாது! பெரிய பிளான் போட்டாத்தான் ஓடிப்போகவே முடியும். 2021 டிசம்பர்ல டிராய் ஆர்டர் போட்ட பிறகுதான், என்ன பிளான் போட்டிருந்தாலும் 1900-க்கு மட்டும் எஸ்எம்எஸ் போகணும்னு ஆச்சு. வாசலைத் தெறந்து வெச்சுட்டு சாவியை உள்ள வெச்சுப் பூட்டறதுன்னா இதுதான்.

சரி, போனே வேண்டாம்னு தூக்கிப் போட்டுடலாமா? அது மட்டும் முடியாது. பேங்க்குல அந்த நம்பர். ஆதார்ல அந்த நம்பர். கேஸ் சிலிண்டர் புக் பண்ணினா அந்த நம்பருக்குத்தான் கோடு வரும், டெலிவரி பையன் அதைக் கேப்பான். ஒரு காலத்துல போன்ங்கறது வசதி. இப்போ அது வீட்டு முகவரி மாதிரி. 28 நாளைக்கு ஒருக்கா காசு கட்டலேன்னா முகவரியையே அழிச்சுடுவேன்னு சொன்னா எப்படி?

இங்க டிராயையும் குறை சொல்லிட்டுப் போகக் கூடாது. 2022 ஜனவரியில ஒரு ஆர்டர் போட்டாங்க: ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான், மாசாமாசம் ஒரே தேதியில புதுப்பிக்கற பிளான், குறைஞ்சது ஒண்ணாவது வெக்கணும்னு. வெச்சாங்க. ஆனா கடைசி வரிசையில ஒரு ஓரமா. கடைக்காரர் கிட்ட "குறைஞ்சது எது?"ன்னு கேட்டா அவர் காட்டறது 28 நாள்தான்.

2024 டிசம்பர்ல இன்னொண்ணு, எனக்கு ரொம்ப வேண்டியது. டேட்டா இல்லாம பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பிளான் கட்டாயம் குடுக்கணும், 365 நாள் வரைக்கும் குடுக்கலாம்னு விதியைத் திருத்தினாங்க. நான் ஆகஸ்ட்ல கஸ்டமர் கேர் பையன்கிட்ட கேட்ட அதே பிளான்! பேப்பர்ல படிச்சுட்டு தங்கமணிகிட்ட "பாத்தியா, நான் கேட்டேன், கவர்மெண்ட் குடுத்துடுச்சு"ன்னு ரெண்டு நாள் அலட்டிகிட்டு இருந்தேன். ஹிஹி.

2025 ஜனவரியில பிளான் வந்துச்சு. மொதல்ல விட்ட விலையைப் பாத்துட்டு டிராய் "நாங்க இதை ஆராய்வோம்"னு சொன்னாங்க, உடனே கொஞ்சம் குறைச்சாங்க. ஏர்டெல்ல 84 நாளுக்கு 469, வருஷத்துக்கு 1849. ஜியோவுல 1748, ஆனா 336 நாள். 336 எங்கேருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. 28-ஐ 12-ஆல பெருக்குங்க. அந்த 28-ஐ விடவே மாட்டாங்க போல!

இப்போதான் நான் சொல்ல வந்த முக்கியமான கணக்கு. வருஷத்துக்கு ஒரே அடியா 1849 கட்டினா நாளைக்கு அஞ்சு ரூபாய் சொச்சம். 199 ரூபாய் பிளானை 28 நாளைக்கு ஒருக்கா போட்டுகிட்டே இருந்தா நாளைக்கு ஏழு ரூபாய் சொச்சம். வருஷத்துக்கு 13 தடவை, 2587 ரூபாய். வித்தியாசம் 738 ரூபாய்.

எங்கம்மாவுக்கு நான் இருக்கேன், மொத்தமாக் கட்டிட்டேன். மூணு வீடு தள்ளி ஒரு ஆச்சி இருக்காங்க. அவங்களுக்கு முதியோர் உதவித்தொகைதான். 2023-ல ஆயிரத்துலேருந்து 1200 ஆக்கினாங்களே, அது. அவங்க எங்கேருந்து ஒரே தடவையில 1849 கொண்டு வருவாங்க? கையில 200 ரூபாய் இருக்கறப்போ 200 போடுவாங்க. அதுலயே உதவித்தொகையில ஆறுல ஒரு பங்கு போயிடும். அந்த உதவித்தொகை வர்றது காலண்டர் மாசத்துக்கு, ரீசார்ஜ் முடியறது 28 நாளுக்கு. மொத மாசம் பணம் வர்ற அன்னைக்கு போட்டா, அடுத்தடுத்த மாசம் ரெண்டு நாள், நாலு நாள்னு முன்னாடி நகர்ந்து நகர்ந்து, ஒரு நாள் பணமே இல்லாத மாசக் கடைசியில வந்து நிக்கும். அப்போ போன் செத்துடும். கையில மொத்தமா காசு இருக்கறவனுக்கு அஞ்சு ரூபாய், இல்லாதவங்களுக்கு ஏழு ரூபாய். அரிசிக்கடையில மூட்டையா வாங்கினா மலிவு, அது புரியுது. ஆனா இது அரிசி மூட்டை இல்லியே சார். அதே டவர், அதே காத்து, அதே "எப்படிம்மா இருக்கே?"

நான் ஒண்ணும் பெருசா கேக்கல. சும்மா குடுன்னும் கேக்கல. மூணே மூணு விஷயம்.

ஒண்ணு, 'மாசம்'னு சொன்னா மாசம். மொத வரிசையில அதை வைங்க. 28 வேணுங்கறவங்க தேடிப் போய் எடுத்துக்கட்டும்.

ரெண்டு, பேச்சு மட்டும் பிளானை மாச அளவுலயும் குடுங்க, வருஷக்காரனுக்கு ஆகற அதே நாள் கணக்குல. ஒரு மாசத்துக்கு 154 ரூபாய் வருது, அவ்ளோதான்.

மூணு, இதுக்கு பைசா செலவில்ல. பேக் முடியப் போகுதுன்னா அந்த ஊர் பாஷையில, குரல்ல சொல்லுங்க. கூடவே அந்த நம்பருக்கு ரீசார்ஜ் பண்றவன் நம்பருக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்க. என் போன்லேருந்துதான் காசு வருதுன்னு உங்களுக்குத் தெரியும். புது ஆஃபர் வந்தா தினம் நாலு மெசேஜ் எனக்கு அனுப்பத் தெரியுது. "உங்க அம்மா போன் நாளையோட நிக்குது"ன்னு ஒரு வரி அனுப்பத் தெரியாதா? அந்த ஒரு வரி வந்திருந்தா, ஆகஸ்ட் 30 ராத்திரி எனக்கு ஒரு கால் வந்திருக்கும்.

பேச்சு மட்டும் பிளானை அம்மாவுக்கு வருஷத்துக்குப் போட்டாச்சு. முடியற தேதியை சமையக்கட்டு காலண்டர்ல சிவப்புல வட்டம் போட்டு, போன்லயும் அலாரம் வெச்சிருக்கேன். அதோட, ராத்திரி எட்டரைக்கு நானே கூப்பிட்டுடறேன். மொத வாரம் அம்மாவுக்கு சந்தேகம். "என்னய்யா, தெனம் கூப்பிடுத, எதும் பிரச்சினையா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, சும்மாத்தான்னேன். இப்போ பழகிடுச்சு. எட்டு இருபதுக்கே போனை மடியில வெச்சுகிட்டு உக்காந்துடறாங்களாம், பால்காரப் பையன் சொன்னான்.

உங்க ஊர்லயும் ஒரு பட்டன் போன் இருக்கும். அது என்னைக்கு முடியுதுன்னு இப்பவே ஒரு தடவை பாத்துடுங்க. பாத்துட்டு அப்படியே ஒரு கால் போட்டுடுங்க.

பி.கு: அந்த ஆச்சி போனுக்கும் இப்போ நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து வருஷ பிளான் போட்டுட்டோம். ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "ஏய்யா, இதுல படம்லாம் தெரியாதாமே, காசைக் கொறச்சுப் போட்டுட்டியளோ?"ன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்ல! :-)